இம்ப்ரெஷன் கொடுக்கிறதா, எடுக்கிறதா?

போன ஞாயித்துக்கிழமை காலைல தேங்காய்ச் சட்னி அரைச்சுக்கிட்டிருக்கும்போது ஒரு போன். மணிநகர் பக்கம் இருக்கிற நம்மூர்க் குடும்பம். பொங்கல் விழா, நவராத்திரி கொலுன்னு வருஷத்துக்கு நாலு தடவை பாத்துக்கிற பழக்கம்.

"டாக்டர் சார், பையன் நீட் எழுதிட்டு வீட்டுல சும்மாதான் இருக்கான். ஒரு பதினஞ்சு நாள் உங்க கிளினிக்குக்கு அனுப்பட்டுமா? உங்க பின்னாடி நின்னு பாக்கட்டும். இப்ப எல்லாரும் ஷேடோயிங், ஷேடோயிங்குறாங்களே."

தாராளமா அனுப்புங்கன்னேன். அதோட விட்டிருந்தா சட்னி ஒழுங்கா அரைபட்டிருக்கும். அந்தம்மா விடலை.

"வெள்ளைக் கோட்டு தைக்கக் குடுத்திருக்கோம் சார். டை கட்டணுமா? அப்புறம்... என்னென்ன கேள்வி கேட்டா உங்களுக்கு நல்ல இம்ப்ரெஷன் வரும்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா, மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவான்."

பரீட்சை வைக்கிறவன்கிட்டயே கேள்வித்தாள் கேக்குற கதை! சிரிச்சுட்டு, "அப்புறம் சொல்றேம்மா"ன்னு வெச்சுட்டேன். ஆனா அன்னைக்கு முழுக்க அது மனசுல குத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தம்மா மேல கோவமில்லை. இப்படிக் கேக்க வெச்ச நம்ம எல்லார் மேலயும்தான். அதனால இந்தப் பதில் அவங்களுக்கு மட்டும் இல்லை. பிள்ளையை டாக்டர் பின்னாடி நிக்க அனுப்பப் போற எல்லா அப்பா அம்மாவுக்கும், நிக்க வெச்சுக்கிற என் ஜாதி டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல ஒரு விஷயம். எங்க தொழில்ல இம்ப்ரெஷன்னா வேற. ஆல்ஜினேட்னு ஒரு பவுடரைத் தண்ணியில குழைச்சு, ஒரு டிரேயில வெச்சு, நோயாளி வாய்க்குள்ள அழுத்திப் பிடிப்போம். ரெண்டு மூணு நிமிஷத்துல இறுகும். அதுவரைக்கும் கை ஆடக்கூடாது. ஆடினா அச்சு கோணிடும், அதை வெச்சுச் செய்யுற பல் செட்டு வாயில உக்காராது. அச்சு எடுக்கிறவன் தன் கட்டைவிரலையும் சேர்த்துப் பதிச்சுட்டான்னா, அதைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கணும்.

ஷேடோயிங்கும் அதுதான். இந்தத் தொழில் எப்படி இருக்குன்னு உங்க பிள்ளை அச்சு எடுத்துக்கிட்டுப் போக வர்றான். தன் கட்டைவிரலைப் பதிச்சுட்டுப் போக இல்லை. நாம என்ன பண்றோம்? பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, கேள்வி மனப்பாடம் பண்ண வெச்சு, அவனையே ஒரு காட்சிப் பொருளாக்கி அனுப்பறோம். பாக்க வந்தவன், தன்னை எல்லாரும் எப்படிப் பாக்குறாங்கன்னே பாத்துக்கிட்டிருந்தா எதைப் பாப்பான்?

இதை நான் மேடையில நின்னு உபதேசமா சொல்லலை. நல்ல இம்ப்ரெஷன் கொடுத்து நாசமாப் போன கதை ஒண்ணு என்கிட்டயே இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல யார்கிட்டயும் சொன்னதில்லை.

1993. ப்ளஸ் டூ முடிச்சு, நுழைவுத் தேர்வு எழுதிட்டு (அப்ப தமிழ்நாட்டுல மெடிக்கல், எஞ்சினியரிங்குக்குத் தனி நுழைவுத் தேர்வு) ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை. தூத்துக்குடி பக்கம் எங்க ஊர்ல ஒரு பல் டாக்டர். அப்பாவுக்குத் தெரிஞ்சவர். ஷேடோயிங்குங்குற வார்த்தையெல்லாம் அப்பக் கிடையாது, "போய்க் கூடமாட நில்லுடா", அவ்வளவுதான். நான் நின்னேன் பாருங்க, அப்படி ஒரு நிக்கல்! டாக்டர் வர்றதுக்கு அரைமணி முன்னாடி போவேன். ஸ்கூட்டர்லேர்ந்து பையை வாங்குவேன். ஃபோர்செப்ஸ், எலிவேட்டர்னு எல்லாக் கருவிப் பேரும் ரெண்டே நாள்ல மனப்பாடம். "பையன் கெட்டிக்காரன் அண்ணாச்சி"ன்னு டாக்டர் அப்பாகிட்டச் சொல்லிட்டார். வீட்டுல எனக்குத் தனி மரியாதை.

மூணாவது வாரம் ஒரு சாயங்காலம், உப்பளத்துல வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. கீழ்க் கடைவாய்ப் பல். டாக்டர் மரத்துப் போற ஊசியைப் போட்டுட்டு, என்னைத் திரும்பிப் பாத்து, "நீ எடுக்கியாடே?"ன்னார்.

வேண்டாம்னு சொல்லியிருக்கணும். நான் வெள்ளைச் சட்டையோட ஒரு அடி முன்னால வந்தேன். அந்தம்மா என்னைச் சின்ன டாக்டர்னு நெனச்சுட்டாங்க. யாரும் அவங்ககிட்ட எதுவும் கேக்கலை, எதுவும் சொல்லவும் இல்லை. ஃபோர்செப்ஸைப் பிடிச்சு இழுத்தேன். பல்லோட மேல்பாதி உடைஞ்சு கையோட வந்துடுச்சு. வேர் உள்ளயே நின்னுடுச்சு. அப்புறம் டாக்டர் உக்காந்து முக்கால் மணி நேரம் தோண்டினார். அந்தம்மா நாற்காலிக் கையைப் பிடிச்ச பிடி இன்னும் கண்ணுல இருக்கு. முடிஞ்சதும் டாக்டர் என் தோளைத் தட்டி, "முதல் தடவை அப்படித்தான்டே, கை நல்லாத்தான் வருது"ன்னார். நான் சந்தோஷமா வீட்டுக்குப் போனேன். எழுதவே வெக்கமா இருக்கு, ஆனா உண்மை. சந்தோஷமாத்தான் போனேன்.

மூணாம் நாள் அவங்க திரும்ப வந்தாங்க. கன்னம் வீங்கி, கண்ணு பாதி மூடி. கதவைத் திறந்தது நான்தான். "ராத்திரி பூரா உறக்கமில்லய்யா தம்பி"ன்னாங்க. என்னைத் திட்டலை. திட்டியிருந்தா ஒருவேளை இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

1948-ம் வருஷத்து பல் மருத்துவர் சட்டப்படி, பதிவு பெறாதவன் பல் வைத்தியம் பண்றது அப்பவே குற்றம். அன்னைக்கு அது எனக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியும். ஆனா நான் இங்கே சொல்ல வர்றது சட்டத்தை இல்லை. அந்த அறையில மூணு பேர் இருந்தோம். நான் டாக்டருக்கு இம்ப்ரெஷன் கொடுத்துக்கிட்டிருந்தேன். டாக்டர் எனக்கு இம்ப்ரெஷன் கொடுத்துக்கிட்டிருந்தார். நடுவுல வாயைத் திறந்து படுத்திருந்தவங்களை ரெண்டு பேரும் பாக்கலை.

அதனால அந்த மணிநகர் அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். இம்ப்ரெஷன் கொடுத்தே ஆகணும்னா, டாக்டரை விட்டுடுங்க. நாற்காலியில படுத்திருக்கிறவருக்குக் கொடுங்க. அதுக்கு என்ன பண்ணணும்னா:

1. சாப்பிட்டுட்டு வா. வெறும் வயித்தோட வந்து, முட்டியை விறைப்பா வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னு, முதல் ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும். நிறையப் பேருக்கு வந்திருக்கு. அது வெக்கப்படுற விஷயமே இல்லை. தலை லேசாச் சுத்தும்போதே "உக்காந்துக்கறேன்"னு சொல்லிட்டு உக்காரு. சமாளிச்சுக் காட்டுறேன்னு நின்னு கருவி டிரே மேல விழறதுதான் தப்பு.

2. உள்ள வர்றதுக்கு முன்னாடி நோயாளிகிட்ட அனுமதி கேக்கணும். கேக்க வேண்டியது டாக்டர். ஆனா பேரைச் சொல்லி, "நான் டாக்டர் இல்லை, பாக்க வந்த மாணவன்"னு சொல்ல வேண்டியது நீ. வேண்டாம்னு அவர் சொன்னா முகம் சுளிக்காம வெளியே போ. வெள்ளைக் கோட்டு வேண்டாம்னு நான் சொல்றது இதுக்குத்தான். நம்ம ஜனம் கோட்டைப் பாத்தாலே டாக்டர்னு நம்பிடும். துவைச்ச சாதாரணச் சட்டை, மூடின செருப்பு, வெட்டின நகம் போதும்.

3. முகமூடி போட்டாலும் கண்ணு தெரியும். படுத்திருக்கிறவருக்கு மேல தெரியறது ஒரு லைட்டும் நம்ம கண்ணும்தான். வாய் நாத்தத்துக்கு நீ சுருக்குற கண்ணை அவர் வீடு வரைக்கும் கொண்டு போவார்.

4. எதையும் தொடாதே. கீழே விழுந்த கருவியையும் எடுக்காதே. ஹெபடைடிஸ்-பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவனைக் குத்தினா, தொத்துற வாய்ப்பு நூத்துக்கு 6-லேர்ந்து 30 வரைக்கும். எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துல 3. ஹெபடைடிஸ்-பி ஊசி சின்ன வயசுல போட்டிருக்கான்னு கார்டைப் பாருங்க. இல்லைன்னா 0, 1, 6 மாசம்னு மூணு ஊசி. கோட்டுத் துணி எடுக்கப் போன நேரத்துல முதல் ஊசியைப் போட்டிருக்கலாம்.

5. எக்ஸ்ரே எடுக்கும்போது அறையை விட்டு வெளியே போ. யாரும் சொல்லக் காத்திருக்காதே.

6. போன் பையிலயே இருக்கட்டும். அடுத்தவர் வாய் உன் ஸ்டேட்டஸ் இல்லை.

7. கேள்வி கேளு, ஆனா நோயாளி போனதுக்கப்புறம். ஒரு பையன் வேர் சிகிச்சை நடுவுல, "அங்கிள், இந்த ஃபைல் உள்ளயே உடைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"ன்னான். நல்ல கேள்விதான். ஆனா படுத்திருந்தவருக்கும் இங்கிலீஷ் தெரியும் :-)

8. உள்ளூர் பாஷை நாலு வார்த்தை கத்துக்கோ. "துக்கே ச்சே?" (வலிக்குதா?)ன்னு கேக்கத் தெரிஞ்சா போதும். இங்கேயே பொறந்து வளர்ந்தும் குஜராத்தி வராத நம்ம பிள்ளைங்களைப் பத்தித் தனியாவே எழுதலாம்.

9. கடைசி நோயாளி போனதும் ஓடாதே. அதுக்கப்புறம்தான் கிளினிக் ஆரம்பிக்குது. கருவிகளைத் தேய்ச்சுக் கழுவி, காய வெச்சு, பையில போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில வெச்சு எடுக்கிற அக்காவைப் பாரு. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்குன்னு அவங்க பிரிக்கிறதைப் பாரு. எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா கிளினிக் மூடும், அவ்வளவுதான். அவங்க ஒரு நாள் அசந்தா ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்குப் போகும். வர்ற பிள்ளைங்க எனக்கு "குட் மார்னிங் சார்" சொல்றாங்க. அவங்களுக்குச் சொன்னவங்களை ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

இதுல ஒண்ணாவது டாக்டரைக் கவுக்குற விஷயமா? இல்லையே.

இப்ப என் ஜாதி டாக்டர்களுக்கு. வந்த பிள்ளையை ரிசப்ஷன்ல உக்கார வெச்சு சம்பளமில்லாம போன் எடுக்க வைக்கிறோம். சக்‌ஷனைப் பிடிடா, கன்னத்தை ஒதுக்குடான்னு உதவியாளர் வேலை வாங்கறோம். "ரொம்ப ஆர்வமான பையன்"னு நாம பாராட்டறது பெரும்பாலும் நமக்கு வேலை மிச்சம் பண்ணவனைத்தான். அந்தத் தூத்துக்குடி டாக்டர் கெட்டவர் இல்லை. ஒரு பையன் கண்ணுல பெரிய ஆளாத் தெரிய ஆசைப்பட்டார். அந்த ஆசை எனக்கும் வருது. அதனாலதான் பயமா இருக்கு.

அடுத்தது சர்டிபிகேட். இங்கே பி.டி.எஸ். சேர நீட் மார்க்குதான். நீங்க ஒரு வருஷம் என் பின்னாடி நின்னாலும் அதுல ஒரு மார்க் கூடாது. அமெரிக்காவுல அப்படி இல்லை. அங்க பல டென்டல் காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போது எத்தனை மணி நேரம் டாக்டர் பக்கத்துல நின்னு பாத்தேன்னு எழுதணும், டாக்டர் கடிதமும் கேப்பாங்க. அந்தக் காத்து இங்கேயும் அடிக்க ஆரம்பிச்சிருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஒரு நண்பர் பையன், கோடை லீவுல ஒன்பது நாள், நாளைக்கு ரெண்டு மணி நேரம் வந்தான். நல்ல பையன். அப்பா வந்து நூறு மணி நேரம்னு கடிதம் கேட்டார். நான் பதினெட்டுன்னு எழுதிக் குடுத்தேன். "உங்க கையெழுத்துல என்ன குறைஞ்சுடப் போகுது டாக்டர்?"ன்னார். அதுக்கப்புறம் வந்த ஒரு பொங்கல்லயும் அவர் என் பந்தியில உக்காரலை. இருபது வருஷப் பழக்கம். வருத்தம்தான். ஆனா பையன் முன்னாடி அப்பாவும் டாக்டரும் சேர்ந்து பொய் எழுதியிருந்தா, இந்தத் தொழிலைப் பத்தி அவன் கத்துக்கிட்ட முதல் பாடம் அதுவா இருந்திருக்கும்.

நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரியும். "சார், உங்களுக்கென்ன, செட்டிலாயிட்டீங்க. நாங்க வெளியூர்ல இருக்கோம். மாமா, சித்தப்பான்னு சிபாரிசுக்கு ஆளில்லை. நாலு பேர்கிட்ட நல்ல பேரு வாங்கறது ஒண்ணுதான் நம்ம சொத்து. அதைப் பிள்ளைக்குச் சொல்லித் தர்றது தப்பா?"

தப்பே இல்லை. நானும் அப்படித்தான் இங்கே பொழைச்சேன். வந்த புதுசுல பாஷை தெரியாம, சிரிச்ச முகம் ஒண்ணை மட்டும் முதலா வெச்சுத்தான் வாடகைக்கு வீடு, கிளினிக்குக்கு இடம்னு எல்லாம் வாங்கினேன். ஆனா ஒண்ணைக் கவனிச்சுப் பாருங்க. நாம பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்ற நல்ல பேரு எப்பவும் மேல பாத்துத்தான். டீச்சர், டாக்டர், மேனேஜர். கீழ படுத்திருக்கிறவர்கிட்ட, கழுவித் துடைக்கிறவங்ககிட்ட நல்ல பேரு வாங்கச் சொல்லித் தர்றோமா? வெளியூர்ல நம்மளை ஒருத்தன் "மதராசி"ன்னு அலட்சியமாப் பாத்தா எப்படி வலிக்குது! அந்த வலி தெரிஞ்ச நாமளே அப்படிப் பாக்கலாமா?

கடைசியா ஒரு பொண்ணு கதை. மூணு வருஷம் முன்னாடி வந்தா. நம்மூர்ப் பொண்ணுதான். பன்னெண்டு நாள் வந்தா. கேள்வியே கேக்கலை. என்னடா இது, ஆர்வமே இல்லையேன்னு நெனச்சேன். (பாருங்க, நானும் இம்ப்ரெஷன் எதிர்பார்த்திருக்கேன்!)

ஒரு நாள் ஆட்டோ ஓட்டுற இளைஞர் ஒருத்தர் வந்தார். வாய் ரெண்டு விரல் அளவுக்குத்தான் திறந்துச்சு. சாதாரணமா மூணு விரலாவது போகணும். மாவாப் பழக்கம். சீவல், புகையிலை, சுண்ணாம்பு கலந்து பிளாஸ்டிக் தாள்ல வெச்சுத் தேய்ச்சு வாயில ஒதுக்கிக்கிறது. குஜராத்துல 2012-ல குட்காவுக்குத் தடை வந்துச்சு, மாவா தெருவை விட்டுப் போகலை. பாக்கால கன்னத்தோட உள்தசை நாராகி இறுகிடும். பழையபடி முழுசா இளகாது, புற்றுநோயா மாறவும் வாய்ப்புண்டு. இதை அவர்கிட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லி, மேல்சிகிச்சைக்கு எழுதிக் குடுத்து அனுப்பினேன்.

அவர் போனப்புறம் அந்தப் பொண்ணு முதல் தடவையாக் கேட்டா: "அங்கிள், அவர் ரொட்டியை எப்படிச் சாப்பிடுவார்?"

எனக்குப் பதில் தெரியலை. இத்தனை வருஷத்துல இந்த மாதிரி எத்தனையோ வாயை மில்லிமீட்டர்ல அளந்து கார்டுல எழுதியிருக்கேன். எப்படிச் சாப்பிடறீங்கன்னு கேட்டதில்லை. அவர் அடுத்த தடவை வந்தப்போ கேட்டேன். பிச்சுப் பிச்சுப் பருப்புல ஊற வெச்சு, காரம் எரியறதால வெறும் மோரோட முழுங்கறாராம். வீட்டுல எல்லாரும் சாப்பிட்டப்புறம் தனியா உக்காந்து சாப்பிடறாராம்.

பன்னெண்டாம் நாள் அந்தப் பொண்ணு, "அங்கிள், எனக்கு இது பிடிக்கலை. நாள் முழுக்கக் குனிஞ்சு, அவ்வளவு சின்ன இடத்துல வேலை பாக்க என்னால முடியாது. நோயாளிங்களோட பேசத்தான் பிடிச்சிருக்கு"ன்னுட்டா. அவங்கம்மா போன்ல, "அனுப்பினது கத்துக்கறதுக்கு, நீங்க மனசைக் கெடுத்துட்டீங்களே"ன்னாங்க. நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், தனியார் காலேஜ்னா லட்சக்கணக்குல பணம். அப்புறம் கிளினிக் போடக் கடன், காலி நாற்காலியைப் பாத்து உக்காந்திருக்கிற ஆரம்ப வருஷங்கள், கழுத்து வலி, இடுப்பு வலி. பிடிக்காம இதுல மாட்டிக்கிட்டவங்களை நான் தினம் பாக்கறேன். எம்.பி.பி.எஸ். கிடைக்காததால வந்து, கடைசி வரைக்கும் அந்த ஏமாத்தத்தை நோயாளி மேல காட்டறவங்க. அஞ்சு வருஷத்தைப் பன்னெண்டு நாள்ல மிச்சம் பிடிச்ச பொண்ணு அது. என்கிட்ட வந்ததுலயே அச்சு ஆடாம எடுத்துக்கிட்டுப் போனவ அவ ஒருத்திதான்.

மணிநகர் அம்மாவுக்கு நேத்து போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை காலைல ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கேன். கோட்டும் வேண்டாம், டையும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம். இட்லி சாப்பிட்டுட்டு வரட்டும், தடுப்பூசி கார்டைக் கொண்டு வரட்டும்னேன். "அப்ப அவன் என்னதான் சார் பண்ணணும்?"னாங்க.

நிக்கணும்மா. நின்னு பாக்கணும். அவனுக்குப் பிடிக்கலைன்னா வீட்டுக்கு வந்து தைரியமாச் சொல்லணும். சொன்னா நீங்க திட்டக்கூடாது.

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் எதிர்முனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பி.கு.: தச்ச கோட்டை என்ன பண்றதுன்னு அவங்க வீட்டுக்காரர் கேட்டார். பத்திரமா வைங்க சார், பையன் பி.டி.எஸ். சேர்ந்தா ஆகும்னேன். சேரலைன்னா போன துணி மட்டும்தான் நஷ்டம் :-)